ஆட்டம் இருக்குதா?

டிசம்பர் கடைசியில் விடியற்காலையில் தலைகுந்தா பக்கம் போனால், புல்வெளி முழுக்க உப்பைக் கொட்டிப் பரப்பியது போல வெள்ளையாகக் கிடக்கும். காந்தலிலும் அப்படித்தான். இரவு வெளியே நிறுத்திய பைக்கின் சீட்டில் உறைபனி படிந்திருக்கும், அதைச் சுரண்டிவிட்டுத்தான் உட்கார வேண்டும். ஊட்டி தாவரவியல் பூங்காவில் மலர்ச் செடிகளைக் கோத்தகிரி மிலார் என்ற செடியைக் கொண்டு மூடி வைப்பார்கள். தேயிலை வைத்திருப்பவர்கள் கருகிய கொழுந்தைப் பார்த்து வருத்தப்படுவார்கள். நீலகிரிக்காரர்களுக்குப் பழக்கமான பனி அவ்வளவுதான். வெயில் ஏறினால் போய்விடும். தொட்டபெட்டாவின் உச்சியே 2,637 மீட்டர்தான், அங்கேயும் ஏறுவதற்கு ஒரு பனிச்சுவர் கிடையாது.

அதனால்தான் குன்னூரில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் பூட்ஸும் அதன் அடியில் மாட்டும் இரும்புப் பல் சட்டமும் மூன்று வாரம் கிடந்தபோது வந்தவர் எல்லோரும் கேட்டார்கள். கீழ் வீட்டு அக்கா, "இது கரடிக்கு வைக்கிற பொறியா கண்ணு?" என்றார். எங்கள் பக்கம் கரடி வருவது உண்டு, அதனால் அவர் கேட்டதில் தப்பில்லை. "இல்லக்கா, இது பேரு கிராம்பான். உறைஞ்ச அருவியில ஏறுறதுக்குக் கால்ல மாட்டுறது" என்றேன். "அருவி உறையுமா?" என்று கேட்டுவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

உறையும். இமயத்தில் ஸ்பிதியிலும் லடாக்கிலும் ஜனவரியில் அருவிகள் அப்படியே நின்றுவிடும். மேலிருந்து கீழ்வரை நீலமும் வெள்ளையுமாகத் தூண் தூணாக, மெழுகு உருகி வழிந்து நின்ற மாதிரி இருக்கும். இரண்டு கைகளிலும் பனிக் கோடரி, இரண்டு கால்களிலும் கிராம்பான். கோடரியைக் கொத்தி, காலின் முன்பல்லால் உதைத்து, அந்த முன்பல்லின் மேல் எழுந்து நிற்க வேண்டும். பனிக்குள் இறங்கும் உலோகம் ஒரு விரற்கடைகூட இருக்காது, ஆனால் உடம்பின் எடை முழுவதும் அதன் மேல்தான்.

இரண்டு வருஷத்துக்கு முன் ஸ்பிதியில் அப்படி ஏறிக்கொண்டிருந்தபோது என் இடது கிராம்பான் கழன்றது.

மேலிருந்து கயிறு இருந்தது, கீழே கயிற்றைப் பிடித்திருந்த தோழி கவனமாக இருந்தாள், அதனால் எனக்கு ஒன்றும் ஆகவில்லை. தரையிலிருந்து சுமார் 12 மீட்டர் உயரத்தில் இருந்தேன். இடது காலால் உதைத்தேன். வழக்கமாக வரும் 'தொக்' என்ற சத்தம் வரவில்லை, வழவழவென்று ஏதோ சறுக்கியது. குனிந்து பார்த்தால் கிராம்பான் குதிகாலை விட்டுக் கழன்று, கணுக்கால் பட்டையில் தொங்கிக்கொண்டிருக்கிறது. வலது காலிலும் இரண்டு கோடரியிலும் தொங்கியபடி, "இறக்கு, இறக்கு" என்று கத்தினேன். கீழே வந்த பிறகு கால் நடுக்கம் நிற்க ரொம்ப நேரம் ஆனது. குளிர் மைனஸ் 18 டிகிரி. கையுறையைக் கழற்றிக் கிராம்பானைத் திரும்ப மாட்ட முயன்றேன். விரல்கள் ஐந்து நிமிஷத்தில் மரத்துப்போய்விட்டன. எது லூஸ், எது டைட் என்று விரலுக்குத் தெரியவே இல்லை. அன்றைக்கு அதோடு ஏற்றத்தை நிறுத்திவிட்டேன்.

பல் எல்லாம் கூர்மையாகத்தான் இருந்தது. பட்டையையும் இறுக்கித்தான் கட்டியிருந்தேன். தப்பு வேறு எங்கோ இருந்தது. அது எங்கே என்று ஊருக்கு வந்து அப்பாதான் கண்டுபிடித்துக் கொடுத்தார்.

அப்பா குன்னூர் லோகோ ஷெட்டில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். மலை ரயிலை வெளியூர்க்காரர்கள் ஜன்னல் வழியாகப் பார்த்திருப்பார்கள், அப்பா அதை அடியில் படுத்துப் பார்த்தவர். கல்லாறிலிருந்து குன்னூர் வரை தண்டவாளத்துக்கு நடுவே பல் வைத்த பட்டைகள் இரண்டு ஓடும். ஒன்றின் பல் இருக்கும் இடத்தில் மற்றதன் பள்ளம் வரும்படி மாற்றி மாற்றிப் பதித்திருப்பார்கள். இன்ஜினின் பல்சக்கரம் அந்தப் பள்ளங்களில் விழுந்துதான் வண்டி ஏறுகிறது. ஏறக்குறைய 12 அடி போனால் 1 அடி ஏறும் சரிவு அது. வெறும் சக்கரம் வழுக்கிவிடும். இந்தியாவில் இப்படிப் பல்லைப் பிடித்து ஏறும் ரயில் இது ஒன்றுதான்.

நான் நடந்ததைச் சொன்னதும் அப்பா முதலில் பேசவில்லை. எழுந்து போய்க் கண்ணாடியை எடுத்து வந்தார். பூட்ஸில் கிராம்பானை மாட்டித் தரச் சொன்னார். ஒரு கையில் பூட்ஸின் கழுத்தையும் இன்னொரு கையில் சட்டத்தையும் பிடித்து, பக்கவாட்டில் லேசாகத் திருகினார். முன்பக்கம் 'கிளிக், கிளிக்' என்று நகர்ந்தது.

"ஆட்டம் இருக்குது பாரு" என்றார்.

ஷெட்டில் அவர்கள் பேச்சில் ஆட்டம் என்பது பெரிய வார்த்தை. இரண்டு உலோகம் சேரும் இடத்தில் இருக்கக் கூடாத இடைவெளி. "பல்லு நல்லாத்தான் இருக்குது கண்ணு. பல்லு உட்கார்ந்திருக்கிற சட்டம் ஆடுதே. நீ உதைக்கிற ஒவ்வொரு உதையும் இந்த ஆட்டத்தைப் பெருசாக்கும்."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் அந்தக் குளிர்காலத்துக்கு முன்னால்தான் புது பூட்ஸ் வாங்கியிருந்தேன். பழைய பூட்ஸுக்கு யாரோ செட் செய்து கொடுத்த அளவை அப்படியே வைத்துப் புது பூட்ஸில் மாட்டிக்கொண்டு கிளம்பியிருக்கிறேன். இரண்டுமே 38 நம்பர் என்பதால் சரியாக இருக்கும் என்று நினைத்துவிட்டேன். பூட்ஸின் நம்பர் உள்ளே இருக்கும் பாதத்துக்கான அளவு. கிராம்பான் பிடிப்பது வெளியே இருக்கும் அடிப்பகுதியை, அதாவது பூட்ஸின் சோல். ஒரே நம்பரில் இரண்டு பூட்ஸின் சோல் நீளமும் அகலமும் வளைவும் ஒன்றாக இருக்க வேண்டிய அவசியமே இல்லை. பூட்ஸ் மாறினால் கிராம்பானை முதலிலிருந்து செட் செய்ய வேண்டும். இதைத்தான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன், இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்ததும் அதற்காகத்தான்.

கிராம்பானைப் பூட்ஸில் பிடித்து வைக்கும் முறை பொதுவாக மூன்று வகை. முன்னும் பின்னும் பிளாஸ்டிக் கூடை போல வைத்துப் பட்டையால் கட்டுவது ஒன்று. இது ஏறக்குறைய எந்த மலையேற்ற பூட்ஸிலும் மாட்டும், பனி நடைக்குப் போதும். முன்னால் கூடை, பின்னால் அழுத்தி மூடும் லீவர் என்பது இரண்டாவது. இதற்குக் குதிகாலில் ஒரு பள்ளம் வேண்டும். மூன்றாவதில் முன்னால் ஒரு கம்பி வளையம், பின்னால் லீவர். இதற்கு முன்னும் பின்னும் இரண்டு இடத்திலும் சோல் விளிம்பில் பள்ளம் வேண்டும், சோல் வளையாமல் பலகை மாதிரி இருக்கவும் வேண்டும். பூட்ஸை பி1, பி2, பி3 என்றும் கிராம்பானை சி1, சி2, சி3 என்றும் வகை பிரிப்பது இதற்காகத்தான். பி3 பூட்ஸில் எதை வேண்டுமானாலும் மாட்டலாம், பி1 பூட்ஸில் சி1 மட்டும்தான். வளைகிற சோலில் வளையாத கிராம்பானை மாட்டினால் நடக்க நடக்கக் கழன்றுவிடும், இல்லையென்றால் நடுச்சட்டம் முறியும். செங்குத்துப் பனியில் ஏற நாங்கள் மாட்டுவது மூன்றாவது வகை. என் பூட்ஸும் பி3தான். வகை பொருந்தியிருந்தது, அளவுதான் பொருந்தவில்லை.

அப்பாவுக்கு இந்தச் சாமானின் சரித்திரத்தைச் சொன்னேன், அது அவருக்கு ரொம்பப் பிடித்துப்போனது. இந்த மாதிரிக் கிராம்பான் வருவதற்கு முன்னால் மலையேறிகள் ஆணி அடித்த பூட்ஸ் போட்டுக்கொண்டு, கோடரியால் பனியில் படி வெட்டி வெட்டித்தான் ஏறினார்கள். ஆஸ்கர் எக்கன்ஸ்டைன் என்ற ஆங்கிலேயப் பொறியாளர் 1908இல் பத்துப் பல் வைத்த கிராம்பானை வடிவமைத்தார். இத்தாலியில் கூர்மையோர் என்ற மலை ஊரில் ஹென்றி கிரிவெல் என்ற கொல்லர் அதை அடித்துக் கொடுத்தார். லாரன்ட் கிரிவெல் 1929இல் முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் இரண்டு பல்லைச் சேர்த்தார். அதோடு படி வெட்ட வேண்டிய அவசியம் குறைந்தது, சுவரை நேராக உதைத்து ஏறலாம் என்று ஆனது. 1938இல் சுவிட்சர்லாந்தின் ஐகர் மலையின் வடக்குச் சுவரை முதன்முதலாக ஏறிய நான்கு பேரில் ஹெக்மையர், ஃபோர்க் இருவரிடமும் பன்னிரண்டு பல் கிராம்பான் இருந்தது. நால்வரில் இன்னொருவரான ஹாரரிடம் கிராம்பானே இல்லை. ஒரு நாள் முன்னால் கிளம்பிய ஹாரர் ஜோடியைப் பன்னிரண்டு பல்காரர்கள் சுவரிலேயே எட்டிப் பிடித்தார்கள் என்பதைக் கேட்டதும் அப்பா, "கொல்லன் பண்ண வேலை அது" என்றார்.

1908 என்றதும் நிமிர்ந்து உட்கார்ந்தார். குன்னூர் வரை 1899இல் வந்த ரயில் ஊட்டிக்குப் போய்ச் சேர்ந்தது அதே 1908இல்.

சரி, மேஜைக்கு வருகிறேன். அப்பா செய்த முதல் வேலை, முன்கம்பி, லீவர், பட்டை எல்லாவற்றையும் விலக்கிவிட்டு, வெறும் சட்டத்தின் மேல் பூட்ஸைச் சும்மா வைத்தது. நான் அதுவரை இப்படிப் பார்த்ததே இல்லை. அறை விளக்கை அணைத்துவிட்டு, அந்தப் பக்கத்திலிருந்து டார்ச் அடித்து, இந்தப் பக்கத்திலிருந்து பார்த்தார். சோலுக்கும் சட்டத்துக்கும் நடுவில் வெளிச்சம் எங்கே வருகிறது என்று. மலை பூட்ஸின் சோல் தட்டையாக இருக்காது, முன்பக்கம் படகு மாதிரி லேசாக மேலே எழும்பும். அந்த வளைவுக்கு ஏற்பச் சட்டமும் வளைந்து வர வேண்டும். பாதப் பந்தின் (விரல்களுக்குப் பின்னால் உள்ள மேட்டின்) கீழே பெரிய இடைவெளி இருந்தால், முன்பல்லில் எழுந்து நிற்கும்போது சட்டம் வளைந்து வளைந்து சோர்ந்துபோகும். என் பூட்ஸில் நடுவில் மட்டும் மெல்லிய கோடாக வெளிச்சம் வந்தது, அது குதிகால் மேட்டுக்கு முன்னால் இயல்பாக வரும் இடைவெளி. முன்னும் பின்னும் உட்கார்ந்திருந்தது. "இது பரவாயில்ல" என்றார்.

பிரச்சினை முன்கம்பியில் இருந்தது. கம்பி சோல் விளிம்பில் உள்ள பள்ளத்தில் முழு வளைவும் பட்டு உட்கார வேண்டும். என் பூட்ஸில் கம்பி நடுவில் ஒரு இடத்தில் மட்டும் தொட்டது. இரண்டு பக்கமும் காகிதம் நுழையும் அளவைவிட அதிகமாகவே இடைவெளி. காரணம் லேசானது. கிராம்பான்கள் பெரும்பாலும் எல்லோருக்கும் ஒரே அகலத்தில் வருகின்றன. 42, 43 நம்பர் பூட்ஸின் மூக்குக்கு அது சரியாக இருக்கும். 38 நம்பர் பூட்ஸின் மூக்கு ஒடுக்கம். அகலமான கம்பிக்குள் ஒடுக்கமான மூக்கு இருந்தால் இடமும் வலமும் நகரத்தான் செய்யும். மலையேற வரும் பெண்களில் பலருக்கு இந்தச் சிக்கல் இருக்கிறது, அவர்களுக்கு யாரும் சொல்வதில்லை. பட்டையை இன்னும் இறுக்கு என்றுதான் சொல்கிறார்கள். எனக்கும் அதைத்தான் சொன்னார்கள். பட்டையை இறுக்கினால் கணுக்கால்தான் வலிக்கும், மூக்கில் இருக்கும் ஆட்டம் அப்படியே இருக்கும்.

கம்பியை வைஸில் கொடுத்து ஒடுக்கிவிடலாமா என்று கேட்டேன். அப்பா கம்பியை எடுத்து நகத்தால் சுண்டிப் பார்த்தார், மணி மாதிரி ஒலித்தது. "இது ஸ்பிரிங் ஜாதி. பச்சையா வளைச்சா உள்ளே கீறல் விழும். வெளிய தெரியாது. மேல போய் உடையும்" என்று சொல்லி, வளைக்கவே கூடாது என்று உறுதியாகச் சொல்லிவிட்டார். கிராம்பான் செய்யும் கம்பெனிகள் பல, ஒடுக்கமான முன்கம்பியைத் தனியாக விற்கின்றன என்பது பிறகு தேடியபோதுதான் தெரிந்தது. அதே கம்பெனியின் ஒடுக்கக் கம்பியை வரவழைத்தேன். குன்னூர் வந்து சேர மூன்று வாரம் ஆனது. மேஜை மூன்று வாரம் அப்படியே கிடந்ததும் அதனால்தான், அம்மா பொறுத்துக்கொண்டார்.

புதுக் கம்பி வந்ததும் அதை எந்த ஓட்டையில் மாட்டுவது என்ற கேள்வி வந்தது. சட்டத்தின் முன்பக்கம் கம்பிக்கு இரண்டு மூன்று ஜோடி ஓட்டை இருக்கும். முன் ஓட்டையில் மாட்டினால் பூட்ஸ் முன்னால் தள்ளி உட்காரும், வெளியே நீட்டும் பல்லின் நீளம் குறையும். பின் ஓட்டையில் மாட்டினால் பல் அதிகமாக நீட்டும். பூட்ஸின் மூக்கிலிருந்து முன்பல் 2 செ.மீ.க்குக் குறையாமல், 3 செ.மீ.க்கு மிஞ்சாமல் நீட்டிக்கொண்டிருக்க வேண்டும் என்பது எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த கணக்கு. குறைந்தால் உதைக்கும்போது பூட்ஸின் மூக்கு பனியில் முட்டும், பல் இறங்காது. கூடினால் நெம்புகோல் நீளமாகிவிடும், கெண்டைக்கால் சீக்கிரம் களைத்துப்போகும், நடக்கும்போது தடுக்கவும் செய்யும். அப்பா ஸ்கேலை வைத்துப் பார்த்து, நடு ஓட்டையில் இரண்டு காலுக்கும் இரண்டேகால் வரும்படி வைத்தார். இரண்டு காலும் ஒரே அளவு என்பது முக்கியம். ஒரு கால் இரண்டு, இன்னொரு கால் மூன்று என்று இருந்தால் உதைக்கும் பழக்கமே குழம்பும்.

அடுத்து நீளம். முன்சட்டத்தையும் பின்சட்டத்தையும் இணைக்கும் நடுப்பட்டையில் வரிசையாக ஓட்டைகள். அதில் எது என்பதை ஸ்பிரிங் கிளிப்பை நகர்த்தி முடிவு செய்யலாம். ஸ்பிதியில் என் பட்டை ஒரு ஓட்டை அதிகமாக நீண்டிருந்தது. இது ஏன் இவ்வளவு பெரிய விஷயம் என்று அப்பா கரி பென்சிலால் செய்தித்தாளில் வரைந்து காட்டினார். உதைக்கும்போது பனி, கிராம்பானைப் பின்னால் தள்ளுகிறது. முன்கம்பிக்கும் பூட்ஸ் மூக்குக்கும் நடுவில் இடைவெளி இருந்தால் சட்டம் அந்த அளவு பின்னால் நகரும். அது நகர்ந்ததும் குதிகால் லீவரின் இறுக்கம் போய்விடும். அப்புறம் முன்பல்லில் எழுந்து நிற்கிறோம். கெண்டைக்கால் குதிகாலை மேலே இழுக்கிறது, பூட்ஸின் குதி சட்டத்தை விட்டுப் பிரியப் பார்க்கிறது, அதைப் பிரியவிடாமல் பிடித்திருப்பது லீவர் ஒன்றுதான். ஏற்கெனவே தளர்ந்த லீவர் எத்தனை உதைக்குத் தாங்கும்? எனக்கு ஏறக்குறைய 12 மீட்டர் தாங்கியது. முன்னால் இருந்த ஆட்டம் பின்னால் கழற்றியிருக்கிறது. நான் குதிகாலைத்தான் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தேன்.

பட்டையை ஒரு ஓட்டை குறைத்ததும், பூட்ஸைச் சட்டத்துக்குள் நுழைக்கவே கொஞ்சம் அழுத்த வேண்டியிருந்தது. அது நல்ல அறிகுறி. ஸ்பிரிங் கிளிப் ஓட்டைக்குள் முழுதாக விழுந்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்க்க வேண்டும், கண்ணுக்குப் பாதி விழுந்தாலும் முழுசு மாதிரித்தான் தெரியும்.

லீவரில் ஒரு சின்னத் திருகு சக்கரம் உண்டு. ஓட்டைக்கும் ஓட்டைக்கும் இடையில் வரும் சின்ன வித்தியாசத்தை அதில் சரிசெய்யலாம். நான் அதை எதற்கு என்று தெரியாமலே இரண்டு வருஷம் வைத்திருந்தேன். அப்பா கால் சுற்று, கால் சுற்றாகத் திருகி, ஒவ்வொரு முறையும் லீவரை மூடச் சொன்னார். விரல் நுனியால் தள்ளினாலே மூடினால் லூஸ். குத்துக்கால் போட்டு உட்கார்ந்து முழு பலத்தோடு தள்ளினால்தான் மூடும் என்றால் ரொம்ப டைட், குதிகால் விளிம்பைக் கடித்துவிடும், குளிரில் திறக்கவும் முடியாது. உள்ளங்கையின் அடிப்பகுதியை வைத்து ஒரே அழுத்து, 'டக்' என்று விழ வேண்டும். அந்த 'டக்' வரும்வரை இருபது தடவை மூடித் திறந்திருப்போம். காலை பூட்ஸுக்குள் விட்டு, லேஸ் கட்டி, எழுந்து நின்று பார்த்தால் அளவு இன்னும் கொஞ்சம் மாறுகிறது. அதனால் காலி பூட்ஸில் மட்டும் செட் செய்துவிட்டு விடக் கூடாது.

இது முடிந்த பிறகு, பட்டையைக் கட்டாமல், லீவர் மட்டும் மூடிய நிலையில் பூட்ஸைக் கழுத்தைப் பிடித்துத் தூக்கி நன்றாக உதறச் சொன்னார். சத்தம் வரவில்லை. சட்டத்தைப் பிடித்துத் திருகினார். கிளிக் இல்லை. வேறு ஒன்றும் சொல்லாமல் காபி கேட்டார்.

பட்டையைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இந்த வகைக் கிராம்பானில் பட்டை இரண்டாவது காவல், அவ்வளவுதான். லீவர் கழன்றாலும் கிராம்பான் பள்ளத்தில் விழாமல் காலோடு தொங்கும், ஸ்பிதியில் எனக்கு நடந்தது போல. முன்கம்பியோடு சேர்ந்த வளையத்தின் வழியாகப் பட்டையைக் கொண்டுபோய்க் கணுக்காலைச் சுற்ற வேண்டும். பக்கிள் காலின் வெளிப்பக்கம் வர வேண்டும். உள்பக்கம் வந்தால் மற்றக் காலின் பல் அதில் மாட்டும். இதை வைத்தே எது இடது, எது வலது என்று தெரிந்துகொள்ளலாம். மிச்சப் பட்டை தரையில் இழுபடாமல் வெட்டிவிட்டு, நுனியை நெருப்பில் காட்டி உருக்கிவிட வேண்டும். ஆனால் தடித்த கையுறையோடு பிடித்து இழுக்க நாலு விரல் நீளமாவது விட்டுத்தான் வெட்ட வேண்டும்.

மேஜையில் சரியாக இருப்பது உதையில் சரியாக இருக்குமா? பனிச்சுவருக்கு எங்கே போவது? வீட்டுக்குப் பின்னால் விறகுக்கு வாங்கிப் போட்ட கற்பூர மரத் துண்டு ஒன்று கிடந்தது, இடுப்பளவு பருமன். (யூகலிப்டஸை நாங்கள் அப்படித்தான் சொல்வோம்.) அதைச் சுவரோடு சாய்த்து நிறுத்தி, ஆப்பு வைத்தோம். பச்சை மரத்தில் தயவுசெய்து யாரும் இதைச் செய்யாதீர்கள். கிராம்பானோடு புல்வெளியிலும் நடக்காதீர்கள், எங்கள் மலைப் புல்லின் கீழே மண் மெல்லியது, பன்னிரண்டு பல் அதைக் கிழித்துவிடும். ஒரு நாளைக்கு ஐம்பது உதை என்று ஒரு வாரம் அந்த மரத்துண்டில் உதைத்தேன். குதிகாலைத் தாழ்த்தி, முழங்காலிலிருந்து ஊஞ்சல் மாதிரி வீசி உதைக்க வேண்டும். உதைத்ததும் அதன் மேல் எழுந்து நின்று பத்து எண்ண வேண்டும். ஒவ்வொரு பத்து உதைக்கும் அப்பா வந்து திருகிப் பார்ப்பார். நாலாவது நாள் வலது காலின் திருகு சக்கரம் கொஞ்சம் தளர்ந்திருந்தது, கால் சுற்று ஏற்றினோம். அதன் பிறகு நகரவில்லை.

பல்லைத் தீட்டுவதும் அப்போதே செய்தோம். கையரம் மட்டும்தான். கிரைண்டரில் கொடுத்தால் நேரம் மிச்சமாகுமே என்றேன். சூடு ஏறினால் பதம் போய்விடும் என்றார் அப்பா. "நுனியில நீலம் பாஞ்சுதுன்னா அந்தப் பல்லு செத்துச்சு."

ஜனவரி முதல் வாரத்தில் ஒரு நாள் விடியற்காலை நாலரை மணிக்கு பூட்ஸையும் கிராம்பானையும் எடுத்துக்கொண்டு தலைகுந்தாவுக்குப் போனேன். சாலையோரக் கல் கட்டில் உட்கார்ந்து, டார்ச் வெளிச்சத்தில், இமயத்தில் போடும் அதே தடித்த கையுறையோடு மாட்டிக் கழற்றிப் பழகினேன். அங்கே ஒன்று தெரிந்துகொண்டேன். பூட்ஸைப் பத்து நிமிஷம் ஈரப் புல்லில் வைத்துவிட்டு எடுத்தபோது சோல் விளிம்புப் பள்ளத்தில் மண்ணும் உறைபனியும் சேர்ந்து அடைத்திருந்தது. முன்கம்பி பள்ளத்துக்குள் இறங்காமல் அந்த அடைப்பின் மேல் உட்கார்ந்தது. லீவர் 'டக்' என்று மூடவும் செய்தது! கண்ணுக்கு எல்லாம் சரியாகத் தெரியும். நாலு உதையில் அந்தப் பனி நொறுங்கினால் கம்பி லூஸாகிவிடும். மேஜையில் எவ்வளவு நுணுக்கமாகச் செட் செய்திருந்தாலும், மாட்டுவதற்கு முன் பள்ளத்தைச் சுத்தம் செய்யாவிட்டால் அத்தனையும் வீண். அன்றிலிருந்து கழுத்தில் ஒரு பழைய டூத் பிரஷைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டுக்கொள்கிறேன்.

அந்த மாதக் கடைசியில் லடாக்கில் உள்ள லே போனேன். லே நகரம் சுமார் 3,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, உடம்பு பழக நாலு நாள் சும்மா இருந்தேன். பிறகு கர்துங் லா கணவாய்க்குப் போகும் பாதையில் உள்ள காங்லெஸ் கிராமத்துக்கு மேலே பனிச்சுவரில் ஏறினோம். பள்ளத்தை பிரஷால் தேய்த்தேன். முன்கம்பியை வைத்தேன், குதிகாலை அழுத்தினேன், உள்ளங்கையால் ஒரே அழுத்து. டக். பத்து நிமிஷம் நடந்துவிட்டு உட்கார்ந்து திரும்பவும் திருகிப் பார்த்தேன், புதிதாக மாட்டியது நடையில் கொஞ்சம் படியும் என்பதால் இந்த இரண்டாவது சோதனையை விடுவதே இல்லை. ஏறத் தொடங்கினேன். இடது காலை உதைத்தேன். தொக். அந்தச் சத்தம் கேட்டதும் தொண்டையை அடைத்தது. அன்றைக்கு நாலு தடவை மேலே போய் வந்தேன்.

கூட வந்திருந்த கோயம்புத்தூர்ப் பெண் ஒருத்தி 37 நம்பர் பூட்ஸ் போட்டிருந்தாள். அவள் கிராம்பானைப் பிடித்துத் திருகிப் பார்த்தேன். கிளிக், கிளிக். அவளை அன்றைக்கு ஏறவிடவில்லை. அவளுக்குக் கோபம் வந்தது, எனக்குத் தெரிந்தது, ஆனாலும் விடவில்லை. சாயங்காலம் அறையில் சூடு அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அவளுடைய நடுப்பட்டையை ஒரு ஓட்டை குறைத்தோம். அகலக் கம்பிக்கு அங்கே ஒன்றும் செய்ய முடியவில்லை. என் பூட்ஸ் அவளுக்கு ஒரு நம்பர் பெரிது, தடித்த காலுறை ஒன்று கூடப் போட்டுக்கொண்டு, அடுத்த நாள் என் பூட்ஸிலும் என் கிராம்பானிலும் ஏறினாள். நான் கீழே நின்று கயிறு பிடித்தேன்.

ஊருக்கு வந்து பையைப் பிரித்ததும் அப்பா பூட்ஸைத்தான் முதலில் எடுத்தார். மூக்கு ரப்பரில் முன்கம்பி அழுத்திய தடம் விழுந்திருந்தது. வலது பூட்ஸில் அது ஓரத்திலிருந்து ஓரம்வரை ஒரே ஆழத்தில் கோடு போட்டது போல இருந்தது. இடது பூட்ஸில் உள்பக்கம் மட்டும் கொஞ்சம் ஆழமாக இருந்தது. அப்பா அதைக் கட்டை விரலால் மூன்று நாலு தடவை தடவினார். ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ச் சாய்த்துப் பார்த்தார்.

"சட்டத்தை எடு, டார்ச்சையும் எடுத்துட்டு வா" என்றார்.